பத்தொன்பது சத்தியங்களின் எடை

அப்பா முதல்முறையாக என் தலையில் கைவைத்து இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தபோது எனக்கு ஒன்பது வயது, எடை இருபத்துநாலு கிலோ. நாலாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, டீச்சர் பன்னிரண்டாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு நடுவில் முறிந்து, என்னோடு இருந்த மூன்று பிள்ளைகளும் சறுக்கி என் மேல் வந்து விழுந்தார்கள். அதே மூன்று மணிக்கு அப்பா உப்பளத்தில் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு பைபாஸ் ஓரத்துக் கடையில் முதல் மடக்கை விழுங்கியிருந்தார். டீச்சர் என்னைத் தூக்கப் பார்த்து, முடியாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, காலையில என்னத்தத் தின்னுட்டு வந்த?" என்று கேட்டார். பழைய சோறு என்று சொன்னேன். பெஞ்சு உடைந்ததற்கு நான்தான் பொறுப்பு என்று நோட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பினார்.

எங்கள் ஊர் அளத்தங்கரையில் குடியை விடுவதற்கு ஒரு முறை உண்டு, அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் எல்லார் வீட்டிலும் அச்சுப்பிசகாமல் நடக்கும்: முந்தின நாள் குடித்து விழுந்த ஆள் காலையில் தலைக்குக் குளித்து, திருநீறு பூசுகிறவர் பூசி, சிலுவை போடுகிறவர் போட்டு, கிழக்கே பார்த்து நிற்க, வீட்டுக்காரி பெற்ற பிள்ளையைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்த, அந்த ஆள் வலதுகையைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்து, கண் கலங்கி, இனிமேல் தொட்டால் இந்தப் பிள்ளை எனக்கில்லை என்று சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை என்பதற்கும் முறை உண்டு. எனக்கு ஒரு அண்ணன், ராஜலிங்கம், அவனுக்கும் கழுத்துக்கு மேல் தலை இருக்கத்தான் செய்தது, அப்பா முதல்தடவை அவன் பக்கம் கையைக் கொண்டுபோனபோது அம்மா பதறிப்போய், "ஐயோ, ஆம்பளப் பிள்ள தலையில வேண்டாம், ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா? இந்தா, சுயம்பு தலையில வைங்க" என்று என்னைப் பிடித்து இழுத்துவிட்டாள். எனக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் பரவாயில்லையா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சத்தியமும் ஒரு உப்பு மூட்டை, ஐம்பது கிலோ, ஒரு கிலோ கூடவும் இல்லை குறையவும் இல்லை. சத்தியம் செய்யும்போது கனக்காது. அவர் எங்கே இருந்தாலும் அதை உடைக்கிற அந்த மடக்கு தொண்டையில் இறங்கும்போது சரியாக வந்து ஏறும், முதலில் உச்சந்தலையில், பிறகு கழுத்தில், பிறகு முழங்காலில். இரண்டாவதுக்குக் கட்டில் போனது. நாலாவதுக்கு வாசல்படிக் கல் இரண்டாகப் பிளந்தது. ஆறாவது ஏறியபோது பெரிய மாமா மகள் கல்யாணத்தில் பந்தியில் இருந்தேன், இலையோடும் நாற்காலியோடும் கீழே போனேன், பாயசம் ஊற்ற வந்தவர் கரண்டியைப் பிடித்தபடி, "இவ அப்பா தவசிமுத்து இப்பம் வெளிய போனாரு, அதான்" என்று பக்கத்து இலைக்காரரிடம் விளக்கம் சொல்லிவிட்டு எனக்குக் கீழேயே ஊற்றிவிட்டுப் போனார். பார்க்க நான் அப்படியேதான் இருந்தேன், ஒல்லியாக, கன்னம் ஒட்டி, துணி எதுவும் பத்தாமல் போகவில்லை. நடந்தால் மட்டும் தெருவில் காலடி பதியும், மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், கொசு வருகிறது என்று அம்மாவிடம் சண்டைக்கு வருவார்கள்.

ஊர் பயப்படவில்லை, அதிசயப்படவும் இல்லை, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஊர் பழகிக்கொண்டது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "சுயம்பு நடுவுல நில்லும்மா, பின்னால போனா டயர் போயிரும்" என்பார், எனக்கு ஒன்பதாவது ஏறியபின் ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டார். ஆடிக் காற்று அடித்தால் உப்புக் குவியல் மேல் போட்ட தார்ப்பாய் பறக்கும், அதற்கு மூலையில் கல் வைப்பதற்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், வெயிலுக்கு ஒரு துண்டும் குடிக்க மோரும் தருவார்கள், நல்ல பிள்ளை என்பார்கள். தேர் இழுத்தால் இறக்கத்தில் கட்டைபோட ஆள் தேடாமல் என் இடுப்பில் வடத்தைக் கட்டினார்கள். நான் மட்டும் என்றால் ஏதோ தலையெழுத்து என்று சொல்லிவிடலாம். வருஷம் போகப்போகக் கீழத்தெரு செல்வி கனத்தாள், கோயில்தெரு மரியபுஷ்பம் கனத்தாள், ஜேசிபி ஓட்டுகிற சங்கிலிபாண்டியின் மகள் உமா ஏழாம் வகுப்பிலேயே கனத்தாள். ஊர்க்கூட்டம் போட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசினார்கள். கடைசியில் பெண்பிள்ளைகள் வகுப்பை எல்லாம் மாடியிலிருந்து கீழே இறக்குவது என்றும், பள்ளிக்கூடத் தெருவுக்கு இரட்டை ஜல்லி போட்டு காங்கிரீட் ஊற்றுவது என்றும் தீர்மானம் போட்டுக் கைதட்டிக் கலைந்தார்கள், கலைந்தவர்களில் பாதிப்பேர் நேராகக் கடைக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் எங்கள் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் கழுத்து வலித்தது.

மேலத்தெரு பேச்சித்தாயைப் பற்றிச் சொன்னால்தான் நான் எதற்குப் பயந்தேன் என்று விளங்கும். அவள் எங்களுக்கெல்லாம் மூத்தவள், அவள் அப்பா எங்கள் அப்பாக்களுக்கெல்லாம் மூத்த குடிகாரர். ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு குழாயடியிலிருந்து திரும்பும்போது அவள் எடை ஒரு டன்னைத் தாண்டியது, தாண்டிய இடத்தில் நின்றாள், அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை, இன்றைக்கு ஆறு வருஷமாக அங்கேயேதான் நிற்கிறாள். சுற்றித் தகரத்தில் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள், கரண்ட் இழுத்தார்கள், ஒரு ஃபேன் மாட்டினார்கள், ரேஷன் கார்டில் முகவரியை மாற்றிக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரன் வழி கேட்டால், "நேராப் போயி, பேச்சித்தாய் நிக்காள்லா, அங்கிருந்து இடதுகைப் பக்கம்" என்று சொல்வார்கள். அவள் அப்பா செத்துப்போனபோது பாடையை அவள் கொட்டகை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள், அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அதையும் குறை சொன்னார்கள்.

எனக்குப் பத்தொன்பதாவது ஏறியது போன வருஷம் மாசியில். மூன்று நாள் என்னால் பாதத்தைத் தரையிலிருந்து பெயர்க்க முடியவில்லை, நாலாம் நாள்தான் இடதுகால் வந்தது, பிறகு வலதுகால். அப்போது நான் செய்யது அண்ணனின் எடைமேடையில் வேலை பார்த்தேன். உப்பு லாரிகள் வந்து ஏறி எடை போட்டுச் சீட்டு வாங்கிப் போகிற அந்த இரும்புத் தட்டுதான் ஊரில் என்னைச் சந்தேகமில்லாமல் தாங்கிய ஒரே தரை. லாரி இல்லாத நேரம் பார்த்து நானே ஏறி நின்றேன், செய்யது அண்ணன் கண்ணாடிக்குள்ளிருந்து எண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னார், "தொள்ளாயிரத்து தொண்ணூத்தஞ்சும்மா." இன்னும் ஒரே ஒரு சத்தியம், அது உடைந்தால் நான் நின்ற இடம்தான் என் முகவரி. அன்று வீட்டுக்குப் போனால் அப்பா தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு கிழக்கே பார்த்து நிற்கிறார், அம்மா என்னைப் பார்த்ததும், "வாட்டி, இந்தத் தடவ உண்மையாவே விடப்போறாராம்" என்கிறாள். வந்த வழியே திரும்பி நடந்து எடைமேடைக்குப் போய், அதன்பின் அங்கேயே படுத்துக்கொண்டேன்.

இஸ்ரவேல் என்று ஒரு லாரி டிரைவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், முன்பெல்லாம் அவர் லாரி தட்டில் ஏறுவதற்கு முன்னால் அவர் வாடை ஏறும். பங்குனியில் ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டு வந்தார், கூட அவர் மகள் பிளஸ்டூ பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளை கேபினிலிருந்து குதித்தது. அவ்வளவு உயரத்திலிருந்து குதித்தும் தூசிகூடக் கிளம்பவில்லை. போன வருஷம் இதே பிள்ளையை இறக்கப் பலகை சாய்த்து நாலு பேர் பிடித்தது எனக்குத் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் எடைச்சீட்டைக் கசக்கிவிட்டேன்.

"அண்ணாச்சி, எந்தக் கோயில்ல சத்தியம் பண்ணினிய?" என்று கேட்டேன்.

"சத்தியமா? அதெல்லாம் விட்டு ஒன்றர வருசம் ஆச்சும்மா" என்றார். "நாங்க கொஞ்சம் பேரு ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு, புதன்கிழம ஆறு மணிக்கு, பழைய வலக்கிடங்கு மாடியில கூடுதோம். எல்லாம் குடிச்சுக் கெட்டவனுவதான். ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்கிடுவோம். இன்னைக்குக் குடிக்கல, அம்புட்டுத்தான் அங்க பேச்சு. நாளையப் பத்தி எவனும் வாயத் தொறக்கப்படாது."

"ஒங்க மக எப்படிக் கொறஞ்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது தனிக் கத. வந்து பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். இத்தனை வருஷம் என் வீட்டுக்கும் எடைமேடைக்கும் நடுவில் அந்த வலைக் கிடங்கைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், மாடியில் சீட்டாடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது படியில் கால்வைத்தேன், மரம் பிளந்து முழங்கால் வரை உள்ளே போனது. சத்தம் கேட்டு பதினோரு பேர் எட்டிப் பார்த்தார்கள். பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது, அவரவர் வீட்டிலும் இருந்திருக்கும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, டீக் கேனைத் தூக்கிக்கொண்டு, முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவந்து, வலை காயப்போட்ட முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து கூட்டம் கீழேதான் நடக்கிறது. ஒரு ஊர் எனக்காகச் செய்த முதல் காரியம் அது, செய்தவர்கள் குடிகாரர்கள்.

என் அப்பாவை நீங்கள் கூட்டிவர வேண்டும் என்று சொன்னேன். இஸ்ரவேல் மெதுவாக, "அவரு தானா வரணும்மா. இழுத்துட்டு வந்தா நிக்காது" என்றார்.

"தானாவா?" என்று கத்தினேன், டீக் கேன் அதிர்ந்தது. "ஏறினது எங்கிட்ட கேட்டா என் தலையில ஏறிச்சி? அவரு தானா வர்ற வரைக்கும் நான் தானா நிக்கணுமா? பேச்சித்தாய் தானாத்தான் நிக்காளா?"

சட்டை கிழிந்த ஒரு பெரியவர், "கேளு தாயி, இன்னும் கேளு, எம்மவ கேக்காமலே போயிட்டா" என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், டீ ஆறும்வரை கேட்டேன், பிறகு எழுந்து நேராக பைபாஸ் ஓரத்துக்கு நடந்துபோய்க் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டேன்.

தொள்ளாயிரத்து தொண்ணூற்றைந்து கிலோவை அதுவரை ஊர்தான் பயன்படுத்தியது, அன்றைக்கு முதன்முதலில் நான் பயன்படுத்தினேன். வாசல் ஒரு ஆள் அகலம்தான். வரிசையில் நின்றவர்கள் முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள், பிறகு பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடித்துத் தள்ளினார்கள், வெயிலில் வியர்த்து விறுவிறுத்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள், நான் சம்மணம் போட்ட காலைக்கூட மாற்றவில்லை. என்னை எந்தச் சரக்கு இப்படி அசையாமல் ஆக்கியதோ அதே சரக்கு அன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் பெரியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊரைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அரைமணி நேரம்தான். உள்ளே இருந்தவர்கள் பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், வரிசை அப்படியே சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டது, போகிறபோது ஒருவன், "சுயம்பு, நல்லா நெழல்ல தள்ளி உக்காரு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டும் போனான்.

ஜன்னலுக்குப் போகாமல் நின்றது ஒரே ஒரு ஆள், என் அப்பா. வலதுகை சட்டைப் பையில் இருந்தது. மெல்ல வந்து என் முன்னால் குந்தினார். அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன், சின்ன வயதில் உப்பளத்திலிருந்து பூப்போலப் பூத்த உப்புக் கட்டியைப் பொத்திக் கொண்டுவந்து என் கையில் வைப்பார். இப்போது அவருக்குக் கண் கலங்கியது, வாய் கோணியது, வலதுகை பையிலிருந்து வெளியே வந்து, தானாக, பழகின மாடு தொழுவத்துக்குப் போவது மாதிரி, என் உச்சந்தலையை நோக்கி வந்தது.

"இனிமே தொட்டா..."

மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "வைக்காதிய" என்றேன். "செத்தாலும் வைக்காதிய. ஒங்க சத்தியம் எனக்கு வேண்டாம். எந்திரிச்சு எங்கூட வாங்க, அங்க பதினோரு பேரு டீயோட உக்காந்திருக்காவ."

அவர் வந்தார். என் கோபத்துக்குப் பயந்து வந்தாரா, என் கை பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் என்று வந்தாரா, தெரியாது. நாலு ஞாயிறும் நாலு புதனும் ஒன்றும் பேசாமல் முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, "எம் பேரு தவசிமுத்து. நான் ஒரு குடிநோயாளி. இன்னைக்குக் குடிக்கல" என்றார், அதைச் சொல்ல அவருக்கு ஒரு தேர் இழுக்கிற பலம் வேண்டியிருந்தது. அவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பத்து வருஷம் சுமந்தவளுக்கு ஒரு வாக்கியத்துக்குக் கைதட்ட மனசு வராது.

நாற்பத்தோராம் நாள் அவர் குடித்தார். உப்பளத்து மேஸ்திரி வீட்டுப் புதுமனைப் புகுவிழா, பந்தல், சம்பந்தி, ஒரு டம்ளர்தானே. செய்தி வந்தபோது நான் எடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். கண்ணை இறுக்க மூடி, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உச்சந்தலையில் அது வந்து இறங்குவதற்காகக் காத்திருந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. செய்யது அண்ணன் கண்ணாடியைத் துடைத்து எண்ணைப் பார்த்தார், மறுபடியும் துடைத்துப் பார்த்தார். "அதேதான்மா. தொள்ளாயிரத்து தொண்ணூத்தஞ்சு." சத்தியம் இல்லாததால் உடைய ஒன்றும் இல்லை, அவர் குடித்தது அவர் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது, அவரையே வாந்தி எடுக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவராகவே, யாரும் இழுக்காமல், கிடங்கு முற்றத்துக்கு வந்து நின்று, முந்தாநாள் குடித்தேன், இன்றைக்குக் குடிக்கவில்லை என்று சொன்னார். நான் அவரைப் பார்த்து வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன். இஸ்ரவேல் தடுக்கவில்லை, திட்டி முடித்ததும் எனக்கு ஒரு டீ ஊற்றித் தந்தார்.

அதன்பின் ஒரு வருஷம் அவர் தொடவில்லை. ஊருக்கு அது தெரிந்ததும் ஊர் தன் வேலையைக் காட்டியது. சித்திரைக் கொடைத் திருவிழாவில் மேடை போட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, மது அரக்கனை வென்ற தவசிமுத்து அண்ணாச்சி என்று பேனர் அடித்து, அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடை தாங்காது என்று என்னைக் கீழே நிறுத்தினார்கள். கொடைக் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்து அரைமணி நேரம் அப்பாவின் மனஉறுதியைப் புகழ்ந்தார், அவர் குடித்த பத்து வருஷத்தில் யார் தலை இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை, முடிக்கும்போது குரல் உயர்த்தி, "இப்பம் அண்ணாச்சி, இந்த அம்மன் சந்நிதியில, ஊர் மக்கள் முன்னால, பெத்த மக தலையில அடிச்சு, இனிமே தொடமாட்டேன்னு ஒரே ஒரு சத்தியம் பண்ணுவாரு!" என்றார். கொட்டு அடித்தார்கள். குலவை போட்டார்கள். அம்மாவே, என்னைப் பெற்ற அன்னசெல்வம், கூட்டத்துக்குள்ளிருந்து ஓடிவந்து, கண்ணீரும் சிரிப்புமாக என் தோளைப் பிடித்து மேடை ஓரத்துக்குத் தள்ளினாள். அவளால் என்னை அசைக்க முடியாது, நானே போய் நின்றேன். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இவ்வளவு தூரம் வந்தபின் இந்த ஆள் என்ன செய்கிறார் என்று என் இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டியிருந்தது, பேச்சித்தாயின் பக்கத்தில் இன்னொரு கொட்டகை போடுவதானாலும் சரி.

அப்பா மேடை விளிம்புக்கு வந்தார். என் உச்சந்தலை அவர் முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்தால் போதும். ஊரே பார்த்தது, வலதுகை பொன்னாடைக்குள்ளிருந்து வெளியே வந்தது, வந்து, காற்றில் ஒரு கணம் நின்று, பின்பக்கம் போனது. இடதுகையும் போனது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

"மாட்டேன்" என்றார்.

தலைவர் மைக்கை அவர் வாய்க்கு அருகில் கொண்டுபோனார், கூச்சத்தில் சத்தம் வரவில்லை என்று நினைத்திருப்பார். இப்போது ஊர் முழுக்கக் கேட்டது. "மாட்டேன். நாளைக்கு நான் குடிப்பனா மாட்டனான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குக் குடிக்கல. அதுக்கு எம் பிள்ள தலை எதுக்குவே?"

பொன்னாடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நன்றி கெட்டவன், அம்மனை அவமதித்துவிட்டான், மறுபடி குடிக்கப் போகிறான், அதனால்தான் சத்தியம் செய்யப் பயப்படுகிறான் என்று பேசினார்கள். குடித்த காலத்தில் அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்ததில்லை, அன்றைக்குப்பின் பாதி ஊர் அவரோடு பேசுவதில்லை. அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. நாலாம் நாள் எடைமேடைக்குச் சோற்றுத் தூக்கோடு வந்து, நான் தின்று முடிக்கும் வரை என் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ராசலிங்கம் தலையில வச்சிருந்தா ஒரு தடவையோட நிறுத்தியிருப்பேன்" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளைத் தேற்றவில்லை.

அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் அப்பா எழுந்தார். பேர் சொன்னார், இன்றைக்குக் குடிக்கவில்லை என்று சொன்னார், உட்காராமல் நின்றார். "எம் மவ தலையில பத்தொம்பது தடவ சத்தியம் பண்ணியிருக்கேன். எனக்கு ஒண்ணுகூட நெனவு இல்ல. அவளுக்கு இருக்கும்" என்றார். இஸ்ரவேல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அவர் மகளின் தனிக் கதை இதுதான் என்று அப்போது விளங்கியது. எழுந்தேன். முதலாவதைச் சொன்னேன்: ஒன்பது வயது, செவ்வாய்க்கிழமை, உங்கள் கையில் உப்பு வெட்டிய புண் இருந்தது, அதன் ஈரம் என் உச்சந்தலையில் ஒட்டியது, நாலாம் நாள் மூன்று மணிக்கு உடைத்தீர்கள், பெஞ்சுக்கு நான் முட்டிபோட்டேன். அவர் அழவில்லை, அழ வேண்டாம் என்று நான்தான் முதலிலேயே சொல்லியிருந்தேன். "ஆமா. நான்தான் ஒடச்சேன். அது என்னது" என்றார். சொன்னதும் அவர் முழங்கால் மடங்கியது, பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள், அவர் உட்கார்ந்த நாற்காலியின் கால் மண்ணில் நாலு விரல் இறங்கியது. மறுநாள் எடைமேடையில் என் எண் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து.

வாரம் ஒன்றாக, சில வாரம் சொல்ல எனக்கு ஆத்திரம் அடங்காமல் தள்ளிப்போட்டும், பதினாறு இறங்கிவிட்டன. பஸ்ஸில் ஏறுகிறேன், பின்சீட்டில்கூட உட்காருகிறேன். அப்பா குனிந்து நடக்கிறார், கட்டிலில் படுப்பதில்லை, ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மிச்சம் மூன்று. அவற்றையும் கொடுத்துவிடு தாயி என்று அவரே கேட்கிறார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அது எனக்கு வேண்டும்.

பேச்சித்தாய் சொல்லக் கேட்பதற்கு அவள் அப்பா உயிரோடு இல்லை. அவளுடையதை இறக்க யாரும் கிடையாது, இன்னொருத்தி அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன்னால், அவள் கொட்டகைக்குப் போய் அவளிடம் சொல்லிவிட்டு நாங்கள் கடைக்குக் கிளம்பினோம். நானும் மரியபுஷ்பமும் முன்வாசலில் உட்கார்ந்தோம். செல்வி பக்கச் சுவரில் இருந்த சின்னக் கதவில் முதுகைச் சாய்த்தாள். இந்தத் தடவை பின்பக்க ஜன்னலுக்கும் ஆள் இருந்தது, பதினாலு வயதுதான், ஆனால் அறுநூறு கிலோ. வரிசை சுவரைச் சுற்றிப் போனது, சுற்றித் திரும்பி வந்தது. பன்னிரண்டு பேர் தள்ளினார்கள், இருபது பேர் தள்ளினார்கள். கமிட்டித் தலைவர் வந்து சட்டம் பேசினார். கடைசியில் போன் போட்டு ஜேசிபியை வரவழைத்தார்கள்.

சங்கிலிபாண்டி ஓட்டி வந்தார். முந்தின நாள் வாடை இன்னும் போகவில்லை. முன்னால் இருப்பவர்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஜன்னல் பக்கம் போ என்று தலைவர் கைகாட்டினார். வண்டி சுவரைச் சுற்றித் திரும்பியது, இரும்புக் கையைத் தூக்கியது, தூக்கிய கை அப்படியே நின்றது. ஜன்னலுக்குக் கீழே அவர் மகள் உமா உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துவிட்டு, நோட்டை மூடாமலேயே, "தூக்குங்கப்பா" என்றாளாம்.

இன்ஜின் நின்றது. சங்கிலிபாண்டி இறங்கி, தலைவர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல், சுவரைச் சுற்றி முன்வாசலுக்கு என்னிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தக் கூட்டம் எத்தன மணிக்கு?"

"நாலு மணிக்கு" என்றேன். "கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க."